ஐந்து மேஜைக்கு ஒரே இணைப்பு

ஜூன் 6, 2005, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டில் இரண்டு குடம் கேட்டு வாங்கிச் சமாளித்தேன். ஆபீஸுக்குப் பத்து நிமிடம் தாமதம்.

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பெயர் சண்முகக்கனி. உடன்குடிக்காரி. கம்ப்யூட்டர் டிப்ளமா. இருபத்தாறு வயது, இரண்டு வயதில் ஒரு மகள். முதலாளி வாஸ் சார் அவளை என் மேஜைக்கு அழைத்து வந்தார். "இது பிலோமி. இந்த ஷிப்பிங் ஏஜென்சி ஆரம்பிச்ச நாளா எங்கூட இருக்கா. ஆபீஸ்ல அஞ்சு கம்ப்யூட்டர் இருந்தாலும் இன்டர்நெட் இவ மேஜையில மட்டும்தான். யாருக்கு மெயில் வந்தாலும் இவதான் பாத்து பிரிண்ட் எடுத்துக் குடுப்பா. போற மெயிலும் இவ கையாலதான் போவும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் குனிந்து என் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் ஒரே ஆளாக்கா? கஷ்டமா இல்லையா?" என்றாள். வந்த ஐந்தாவது நிமிடத்தில் அக்கா. கஷ்டம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு நயினார் சார் துறைமுகத்திலிருந்து வந்தார். கஸ்டம்ஸ் வேலை முழுவதும் அவர் பொறுப்பு. திங்களும் வியாழனும் மஸ்கட்டிலிருந்து அவர் மகள் கோமதியின் மெயில் வரும். நான் வாசிப்பேன், அவர் பின்னால் நின்று முதுகில் கை வைத்துக்கொண்டு கேட்பார். நாற்காலியின் முதுகில்.

கோமதிக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டதாம். அவர், "இனிமே பயமில்லை, என்னா மேடம்?" என்றார். எனக்கென்ன தெரியும். இல்லை என்றேன்.

ஜூன் 9, வியாழன்

கோமதிக்குப் பதில் போட்டோம். அவர் சொன்னது: "நல்லா இருக்கேன். மாத்திரைய ஒழுங்கா சாப்பிடு. மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு. அவ்வளவுதான் மேடம்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தாயில்லாத பிள்ளைக்கு மூன்று வரியை எப்படி அனுப்புவது? கொஞ்சம் நீட்டி எழுதினேன். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன். சாயங்காலம் கடற்காற்று ஆரம்பித்ததும் உன் ஞாபகம் வந்தது என்று ஒரு வரி. அவர் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக இப்படித்தான் எழுதி அனுப்புகிறேன். அவர் திரும்பி வந்து, "அனுப்பியாச்சா?" என்பார். படித்துப் பார்த்ததில்லை. தினமும் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்.

ஜூன் 13, திங்கள்

அந்தப் பெண் வாஸ் சாரிடம் போய், ஒரு இணைப்பை ஐந்து கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் எல்லாரையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்.

"வேகம் குறையும் சார்" என்றேன்.

"மெயில் பாக்கதுக்கு இந்த வேகம் தாராளம்க்கா" என்றாள் கனி. "உங்களுக்கும் வேலை மிச்சம். ஆளாளுக்கு வந்து உங்க தலைமேல நிக்க வேண்டாம்லா."

கணக்குப் பார்க்கும் பால்பாண்டி, "நல்லதுதான, கிரிக்கெட் ஸ்கோர் பாக்கலாம்" என்றான். நயினார் சார் கஸ்டம்ஸ் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

ஜூன் 17, வெள்ளி

நாள் முழுவதும் நீல வயர். கனி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் நுழைந்து வெளியே வந்தாள். வயரெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேர்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வயர் என் கம்ப்யூட்டருக்கு.

"அக்கா, ஒரே ஒரு விஷயம். நெட் உங்க சிஸ்டத்துக்கு வந்து, அங்கருந்துதான் மத்த நாலுக்கும் போவுது. நீங்க ஆஃப் பண்ணுனா எல்லாருக்கும் போயிரும். அதனால காலைல முதல்ல நீங்க ஆன் பண்ணணும், கடைசியா நீங்க ஆஃப் பண்ணணும்."

அப்படியா என்றேன். சாயங்காலம் வரும் வழியில் சீலா மீன் வாங்கினேன். ஒரு ஆளுக்கு அதிகம்தான். குழம்பு நன்றாக வந்தது.

ஜூன் 20, திங்கள்

இன்று என் மேஜைக்கு யாரும் வரவில்லை.

ஜூன் 23, வியாழன்

கனி நயினார் சாருக்குத் தானாக மெயில் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவர் மேஜை எனக்கு நேர் பின்னால். நான் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுவதை என்ன செய்ய முடியும்?

"சார், கே எங்க இருக்கு பாருங்க."

"இந்த எழுத்தையெல்லாம் எவன் இப்பிடி கலைச்சுப் போட்டான்?"

இருவரும் சிரித்தார்கள். என் பின்னால் நின்ற இரண்டு வருடத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆபீஸ் என்றால் ஒரு அமைதி வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்று கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார்.

கனி எல்லாருக்கும் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தாள். என் பங்கைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இனிப்பு ஆகாது என்றில்லை.

ஜூன் 30, வியாழன்

என் கம்ப்யூட்டர் மந்தமாக இருந்தது. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் நயினார் சார் கோமதிக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தாராம். ஒருவிரலால் முக்கால் மணி நேரம் அடித்தது போய்விட்டது. கனி என் மேஜைக்கு வந்து, "அக்கா, ரீஸ்டார்ட் பண்ணதுக்கு முன்ன ஒரு குரல் குடுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எதையும் மரியாதையாகவே சொல்லுகிறாள். குறை பிடிக்க வழியில்லாத ஆட்களோடு பழகுவது சிரமம்.

ஜூலை 5, செவ்வாய்

காய்ச்சல் மாதிரி இருந்தது. லீவு சொல்லிவிட்டுப் படுத்தேன். பத்து மணிக்கு வாஸ் சார் போன் செய்தார். கொழும்புக் கப்பல் மெயில் பார்க்க வேண்டும், யாருக்கும் இன்டர்நெட் இல்லை, உன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டார். போனில் சொல்லியிருக்கலாம். "நானே வரேன் சார்" என்றேன்.

ஆட்டோவில் போனேன். எல்லாரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நயினார் சார், "உடம்பு சரியில்லாம எதுக்கு மேடம் வந்திய" என்று சொல்லி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். பாஸ்வேர்டு அடித்தேன். எல்லாருக்கும் வந்தது.

கனி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடு இல்லக்கா, பயப்படாதிய" என்றாள்.

ஜூலை 11, திங்கள்

நயினார் சாரின் மெயிலைத் திறந்தேன். பாஸ்வேர்டு நான் வைத்துக் கொடுத்ததுதான், அவர் மாற்றவில்லை. இரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

அவர் தானாக அனுப்பியவற்றைப் பார்த்தேன். "Nan nalam. Mathirai sappidu. Mazhai illai." ஒவ்வொன்றும் இந்த அளவுதான். கோமதியின் பதில் கீழே இருந்தது. தமிழில் எழுதி வைக்கிறேன்: "அப்பா, ஏன் இப்போதெல்லாம் ரெண்டு வரிதான் எழுதுகிறீர்கள்? என்மேல் கோபமா? முன்னால் நீங்கள் எழுதுவதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். இவர் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை. ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?"

மூன்று முறை படித்தேன். பாவம் பிள்ளை என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதை எழுத வேண்டியதில்லை.

ஜூலை 14, வியாழன்

அவர் வந்து என்னிடம் கேட்பார் என்று நாள் முழுவதும் காத்திருந்தேன். "மேடம், பிள்ளை வருத்தப்படுதா, நீங்களே எழுதிப் போடுங்க" என்று ஒரு வார்த்தை. வரவில்லை. கனியிடம்தான் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். அவள் பதிலுக்கு அவர் மேஜைக்கே வந்து நின்றாள்.

ஐந்து மணிக்குக் கனி பஸ்ஸுக்கு ஓடினாள். மற்றவர்களும் போனார்கள். கடைசியாக ஆஃப் செய்ய வேண்டியவள் நான். அதற்கு முன்னால் அவர் பெயரில் கோமதிக்கு ஒரு மெயில் எழுதினேன். கோபமெல்லாம் இல்லை கண்ணு, அப்பா புதிதாக டைப் கற்றுக்கொள்கிறேன், விரல் வலிக்கிறது என்று ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் வந்தது. அனுப்பியதும் அனுப்பியவற்றின் பட்டியலிலிருந்து அதை அழித்தேன்.

ஒரு தடவைதான்.

ஜூலை 18, திங்கள்

அவர் பார்ப்பதற்கு முன்பே கோமதியின் பதிலைப் பார்த்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுதாளாம். "நீங்கள் எழுதிய அந்த ரெண்டு பக்கம்" என்று தொடங்கியிருந்தது. இதை அவர் படித்தால் என்ன ஆகும்? அழித்தேன். பதிலும் போட்டேன். நயினார் சார் மூன்று மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் வரலியே" என்றார்.

ஜூலை 21, வியாழன்

அதேபோல.

ஜூலை 25, திங்கள்

மூன்றாவது முறையும் மெயில் வராததால் நயினார் சார் மதியம் சாப்பிடவில்லை. டிபன் டப்பா திறக்காமல் மேஜையில் இருந்தது. கனி அவர் வயரைக் கழற்றி மாட்டினாள், சின்னப் பெட்டியைத் துடைத்தாள், அவர் கம்ப்யூட்டரையே வேறு வயரில் மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு வியர்த்து வழிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான்.

வாஸ் சார் அவளை உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தவில்லை. "ஒழுங்கா போய்க்கிட்டு இருந்தத எதுக்கும்மா கலைச்ச? மனுஷனுக்குப் பிள்ளையோட மெயில் வரமாட்டேங்குது. கப்பல் மெயிலும் இப்பிடி போச்சுன்னா என்ன செய்வ?"

"சார், மெயில் வாரது வேற, வயர் வேற சார். வயர் பழுதுன்னா எல்லாமே நிக்கணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு நயினார் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மேடம், பழையபடி நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு இது சரிவராது."

திறந்தேன். காலையில் வேறு ஃபோல்டரில் ஒதுக்கி வைத்திருந்த மெயிலை எடுத்து, அப்போதுதான் வந்தது போல, "இதோ வந்திருச்சே சார்" என்றேன். அவர் மூச்சு விட்டது என் தலையில் பட்டது. வாசிக்கக் கூடாததை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். கனி தன் இடத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 26, செவ்வாய்

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் செருப்பு ஒன்று தொலைந்தது. இன்று மனம் நன்றாக இருந்தது.

ஜூலை 28, வியாழன்

கோமதி கேட்டிருக்கிறாள்: "அப்பா, ஏழாம் மாதம் பிறந்ததும் ஊருக்கு வரட்டுமா? இங்கே பிரசவம் என்றால் பயமாக இருக்கிறது. இவர் சம்மதித்துவிட்டார். நீங்கள் வா என்று சொன்னால் டிக்கெட் எடுப்பார்."

வாசித்தேன். நயினார் சார் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"வேண்டாம்னு போடுங்க மேடம். அங்கயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. இங்க வந்தா யாரு பாப்பா? வீட்ல ஒரு பொம்பளை இல்ல. நான் காலைல ஏழு மணிக்கு ஹார்பர் போயிருதேன்."

"சரி சார்" என்றேன். அவர் டீ குடிக்கப் போனார்.

வீட்டில் பெண் இல்லை என்பதை என்னால் டைப் அடிக்க முடியவில்லை. "வா கண்ணு. வீட்டை வெள்ளையடித்து வைக்கிறேன். விமான நிலையத்துக்கு நானே வருவேன். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன்.

ஆபீஸிலிருந்து அவர் வீடு பன்னிரண்டு நிமிட நடை. தோராயமாகத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 1, திங்கள்

டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் தேதி செவ்வாய், காலை ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரம். "நீங்கள் வா என்று சொன்னதும் இவர்கூடச் சிரித்தார் அப்பா" என்று எழுதியிருக்கிறாள். அழித்தேன். நயினார் சாரிடம், மாத்திரை சாப்பிடுகிறாளாம், வேறு விசேஷம் இல்லையாம் என்று வாசித்தேன். எதிரில் வெறும் திரைதான் இருந்தது.

இன்றே அவரிடம் உண்மையைச் சொல்ல இருந்தேன். ஆபீஸில் ஆள் கூட்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்று கேட்டார். சில தடவை என்றேன். யாருக்காவது தீங்கு வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 3, புதன்

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் கனி என் மேஜைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நயினார் சாருக்குச் சொல்லிக்குடுக்கும்போது அவிய பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். நேத்து அழிச்ச மெயில் கிடக்கிற இடத்தைப் பாத்தேன்."

அழித்தால் அது போய்விடும் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடம் இதில் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்குத் தெரியாது.

"ஏழெட்டு மெயில் கிடக்கு. ரெண்டு மூணு வரி பாத்ததும் நிப்பாட்டிட்டேன், அடுத்தவிய மெயில படிக்கப்படாதுல்லா. ஆனா ஒம்பதாம் தேதி ஒரு பிள்ளத்தாச்சி வந்து எறங்கப் போறா. அது கண்ணுல பட்டுட்டு. அவியளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் வாஸ் சார்ட்ட சொல்லல, நயினார் சார்ட்டயும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்." எழுந்தவள் திரும்பி, "என்மேல என்னக்கா கோவம்? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வயரைக் கொடுத்தாள், கருப்பட்டி கொடுத்தாள், இப்போது ஒரு நாள் அவகாசமும் கொடுத்தாள். எல்லாமே அவளிடம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, வியாழன்

சொன்னேன்.

மூன்று மணிக்கு வழக்கம்போல வந்து பின்னால் நின்றார். நான் மெயிலைத் திறக்கவில்லை. "சார், முன்னால வந்து உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கடைசியிலிருந்து தொடங்கினேன். "கோமதி செவ்வாய்க்கிழமை வர்றா. டிக்கெட் எடுத்தாச்சு. வரச் சொன்னது நான். உங்க பேர்ல எழுதினேன்."

அவருக்குப் புரியவில்லை. "நான் வேண்டாம்னுலா சொன்னேன்?"

"ஆமா. நான் வான்னு எழுதினேன்."

பிறகு மற்றதையும் சொன்னேன். அவருக்கு மெயில் வராமல் போன நாட்களைச் சொன்னேன். கனி மேல் தப்பில்லை என்றேன். இரண்டு வருடமாக அவர் சொன்ன மூன்று வரியோடு நான் சேர்த்து அனுப்பியதைச் சொன்னேன். அழித்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன், அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுக்கச் சொன்னார்.

"பிள்ளை வரக்கூடாதுன்னு நான் நெனச்சேன்னா நெனைக்கிய?" என்றார் மெதுவாக. "அவ அம்மை இல்லாத வீட்டுக்குள்ள அவள எப்படி கூப்பிடன்னு தெரியாம ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன். வேண்டாம்னு சொல்லுதது எனக்கு லேசா இல்ல மேடம். அத நான்தான சொல்லணும். வான்னாலும் நான்தான சொல்லணும்."

"தப்புதான் சார்."

"இன்னும் யார் யார் மெயில்ல என்ன என்ன எழுதினிய?"

"வேற யாருக்கும் இல்ல. உங்களுக்கு மட்டும்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னதில் அவருக்கு என்ன கேட்டதோ, சட்டென்று எழுந்துவிட்டார். காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கனியிடம் போனார். "ஒன்னையில்லா வாஸ் சார்ட்ட வசவு வாங்க வச்சுட்டேன் தாயி" என்றார். அவள் அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

பெரிய திருவிழா. ஆபீஸ் விடுமுறை. போகவில்லை. மணிச் சத்தம் வீட்டுக்கே கேட்கும்.

ஆகஸ்ட் 6, சனி

வாஸ் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒன்ன நம்பித்தான் பிலோமி எல்லார் பாஸ்வேர்டும் ஒன்ட்ட விட்டு வச்சேன்" என்றார். எல்லாரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னார். அவரவர் திரும்பி உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு மாற்றினார்கள். பால்பாண்டிகூட.

கனி ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பெயர் ரவுட்டர். அது வந்தால் இணைப்பு நேராக அதற்கு வந்து எல்லாருக்கும் போகுமாம். என் கம்ப்யூட்டர் ஆனில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

நயினார் சார் விடியற்காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனார். கனி இரண்டு நாள் லீவு போட்டு அவர் வீட்டை ஒழுங்குசெய்கிறாள். குழந்தையையும் கூட்டிப் போயிருக்கிறாள். வெள்ளையடிக்க ஆள் விட்டது அவள் கணவன். இதெல்லாம் பால்பாண்டி சொன்னது, நான் கேட்கவில்லை.

அந்த வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கும், அலமாரியில் சாமான் எப்படி அடுக்கியிருக்கும் என்று ஒரு கணக்கு எனக்கு உண்டு. கனி இப்போது அதை நேரில் பார்த்திருப்பாள்.

நான்கு மணிக்கு வாஸ் சாருக்குப் போன் வந்தது. வந்து சேர்ந்தாயிற்று.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

ரவுட்டர் மாட்டியாயிற்று. உள்ளங்கை அகலம். என் கம்ப்யூட்டரிலிருந்து மற்றவர்களுக்குப் போன வயரைக் கனி உருவி எடுத்தாள். "அக்கா, இனி நீங்க எப்ப வேணும்னாலும் ஆஃப் பண்ணலாம்" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா, விடுங்க" என்றாள். அவள் விட்டுவிட்டாள் என்றுதான் தெரிகிறது.

ஐந்து மணிக்கு ஆஃப் செய்தேன். யாரும் தலை தூக்கவில்லை.

நயினார் சார் என்னிடம் கஸ்டம்ஸ் காகிதம் பற்றி மட்டும் பேசுகிறார். மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 24, புதன்

கோமதி ஆபீஸுக்கு வந்தாள்.

படியேறியதில் மூச்சு வாங்கியது. போட்டோவில் பார்த்ததைவிட உயரம். அப்பா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டாராம், ஆனால் அவருக்குத் தெரியாமல்தான் வந்ததாகச் சொன்னாள். அவர் ஹார்பரில் இருந்தார். கனி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கோமதி குடித்துவிட்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தாள். இரண்டு வருட மெயில்கள், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாள். ஓரமெல்லாம் மடங்கி மெத்தென்று ஆகியிருந்தது.

"நான் சண்டை போட வரல" என்றாள். "மஸ்கட்ல உக்காந்து யார்ட்ட அழுதோம்னு எனக்குத் தெரியணும். இதுல எது அப்பா சொன்னது, எது நீங்க எழுதினது? அப்பா சொன்னதுக்கு மட்டும் கோடு போட்டுக் குடுங்க."

பேனாவை எடுத்தேன். மாத்திரை சாப்பிடு. கோடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கோடு. மழை இல்லை. கோடு. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகூடத் தேறவில்லை. அவள் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் சின்னதாகிக்கொண்டே போனது. சில இடங்களில் எனக்கே நினைவில்லை, அதைச் சொன்னேன். அந்த வரிகளை விட்டுவிடச் சொன்னாள்.

கட்டின் நடுவில் ஒரு தாளை அவளே எடுத்தாள். மற்றவற்றைவிட அதிகம் நைந்திருந்தது. போன வருடம் அவள் அம்மாவின் நினைவு நாளன்று போனது. "இதுக்குக் கோடு வேண்டாம்" என்றாள். "இது நீங்கதான். எனக்கே தெரியும். அப்பாவுக்கு இப்பிடியெல்லாம் பேச வராது. இதப் படிச்சுட்டுத்தான் நான் ரெண்டு நாள் அழுதேன்."

அவள் விரல் வைத்த வரி இது: "உன் அம்மா சிரிக்கும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வாள். அந்த நேரம் அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு மிகப் பிடித்த வரி என்னுடையதாகிவிடும். அவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதுமில்லை. அவருக்கு இது நினைவிருக்குமோ என்னவோ.

"அது உங்க அப்பா சொன்னதும்மா" என்றேன். "நின்னபடியே சொன்னாங்க. அன்னைக்கு டீ குடிக்கப் போகல. நான் ஒரு எழுத்துகூட மாத்தல."

கோடு போட்டேன். பேனா அழுந்தித் தாள் கிழிந்துவிட்டது.

கோமதி அந்தத் தாளை வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் அடுக்கிப் பையில் வைத்தாள், கோடு போட்டது, போடாதது எல்லாவற்றையும். "வான்னு சொன்னது நீங்க. வந்துட்டேன். அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "மத்ததுக்குக் கொஞ்சம் நாளாகும்." எழுந்தாள். நான் கை கொடுக்கப் போனேன். அதற்குள் கனி வந்துவிட்டாள். கனியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள். கீழே இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டர் மந்தம், ஆபீஸ் அமைதி, உடம்பு சரியில்லை என்றெல்லாம் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அதெல்லாம் பொறாமை. கனிமேல். ஆனால் கனிமேல் மட்டும் இல்லை.

அந்த வரியை அவர் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடித்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணை மூடிச் சிரித்துப் பார்த்தேன். எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. சொல்லவும் ஆளில்லை.